இடுப்புக்குள் என்ன இருக்கிறது: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நான் பிசியோதெரபிஸ்ட். பிரசவத்துக்குப் பிறகான சிறுநீர்க் கசிவு, கர்ப்பப்பை இறக்கம், புராஸ்டேட் என்ற ஆண்களுக்கான சுரப்பியில் அறுவை முடிந்தவர்களின் சிக்கல்கள், இவைதான் என் வேலை. இதயம் எந்தப் பக்கம் என்று கேட்டால் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். தொப்புளுக்குக் கீழே எது எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலரும் தரையைப் பார்ப்பார்கள். கூச்சத்தைவிட, யாருமே சொல்லித் தராததுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரு இளம்பெண் ஸ்கேன் அறிக்கையோடு வந்தார். அதில் 'ரெட்ரோவெர்டட் யூட்டரஸ்', அதாவது பின்னோக்கிச் சாய்ந்த கர்ப்பப்பை, என்று இருந்தது. கர்ப்பப்பை புரண்டுவிட்டது, இனி குழந்தை தங்காது என்று வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, ஒரு தாளில் வரைந்து காட்டினேன். முன்பக்க எலும்புக்குப் பின்னால் சிறுநீர்ப்பை. அதற்குப் பின்னால் கர்ப்பப்பை. அதற்கும் பின்னால் மலக்குடல். பெரும்பாலான பெண்களுக்குக் கர்ப்பப்பை முன்னோக்கிச் சாய்ந்து சிறுநீர்ப்பையின்மேல் படிந்திருக்கும். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது பின்னோக்கி, மலக்குடல் பக்கம் சாய்ந்திருக்கும். பலருக்கு இயல்பிலேயே அப்படித்தான். அந்தச் சாய்வு மட்டுமே கருத்தரிப்பதைத் தடுக்காது. கரு வளர வளர கர்ப்பப்பை பொதுவாகத் தானே மேலெழுந்துவிடும். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்படலம் போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது) போன்ற நோயால் அது பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தால் விஷயம் வேறு. அப்போது மாதவிடாய் நேரத்தில் கடும் வலி போன்ற அறிகுறிகள் இருக்கலாம், மருத்துவர்தான் பார்க்க வேண்டும். இவருக்கு அப்படி எதுவும் இல்லை என்று அவருடைய மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். சொன்னது மனதில் பதியத்தான் ஒரு படம் தேவைப்பட்டது. கர்ப்பமில்லாதபோது கர்ப்பப்பையின் நீளம் சுமார் 7.5 செ.மீ. தான் என்றதும், "இவ்வளவு சின்னதா?" என்று கேட்டார். அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார், வீட்டில் காட்டுவதற்கு.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

*

மறுமொழி 1

புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை எடுத்தார்கள். சிறுநீர்க்குழாயில் வைத்திருந்த டியூபை எடுத்த அன்றே கசிவு தொடங்கியது. எழுந்தால் கசியும், தும்மினால் கசியும். அறுவையில் ஏதோ தவறு நடந்துவிட்டது என்றே நம்பினேன். பயிற்சி சொல்லிக்கொடுத்த அம்மாதான் விளக்கினார். புராஸ்டேட் சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே இருக்கிறது, சிறுநீர்க்குழாய் அதன் நடுவே போகிறது. சுரப்பியை எடுக்கும்போது குழாயின் அந்தப் பகுதியும் போய்விடும், மிச்சத்தைச் சிறுநீர்ப்பையோடு சேர்த்துத் தைப்பார்கள். அதுவரை சிறுநீர் கசியாமல் அடைக்கும் வேலையைப் புராஸ்டேட்டுக்கு மேலும் கீழுமாக உள்ள தசைகள் பகிர்ந்து செய்தன, இனி அது கீழே உள்ள தசைகளின் தலையில் விழுகிறது. இந்த விவரம் அறுவைக்கு முன்பே தெரிந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். பல மாதங்கள் பயிற்சி செய்தேன். இப்போது நன்றாகவே இருக்கிறேன். இடுப்பின் அடியில் உறுப்புகளைத் தாங்கும் இடுப்புத்தளத் தசை ஆண்களுக்கும் உண்டு என்று தயவுசெய்து எல்லோருக்கும் சொல்லுங்கள்.

*

மறுமொழி 2

எனக்கு நாள்பட்ட மலச்சிக்கல். மலக்குடலைப் பின்னாலிருந்து தூளி மாதிரி சுற்றி முன்னோக்கி இழுத்துப் பிடிக்கும் ஒரு தசை இருக்கிறதாம். அது இழுத்திருக்கும்வரை குடல் அங்கே வளைந்திருக்கும், தளர்ந்தால்தான் வழி நேராகும். அது தளர, மேற்கத்திய கழிப்பறையில் காலுக்கடியில் சிறு பலகை வைத்து முழங்காலை உயர்த்தச் சொன்னார்கள். முக்குவது பாதியாகக் குறைந்தது.

*

மறுமொழி 3

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கீழே ஏதோ இறங்குவது போன்ற பாரம். இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் கெகல் பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். சிறுநீர் கழிக்கும்போதே நடுவில் நிறுத்திப் பழகலாமா?

*

தொடங்கியவர்

வேண்டாம். எந்தத் தசை என்று கண்டுபிடிக்க ஒருமுறை நிறுத்திப் பார்த்தால் போதும். அதையே பயிற்சியாக்கினால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம். வாயு வெளியேறாமல் அடக்குவது போல உள்ளே, மேல்நோக்கி இழுங்கள். மூச்சை அடக்காதீர்கள், பிட்டத்தையும் தொடையையும் இறுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் முழுதாகத் தளர விடுங்கள், இறுக்குவதைப் போலவே அதுவும் முக்கியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மகளிர் மருத்துவர் 1948இல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதினார், அது நிறையப் பேருக்கு உதவியிருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் தசை தளர்ந்தே இருப்பதில்லை. சிலருக்கு அது எந்நேரமும் இறுகியே இருக்கும். உடலுறவில் வலி, சிறுநீர் தொடங்கத் தாமதம், அடிவயிற்று வலி என்று வருவார்கள். அவர்கள் மேலும் இறுக்கினால் வலி கூடிவிடலாம், முதலில் தளர்த்தத்தான் கற்க வேண்டும். எனவே பாரம் இருக்கிறது என்று நீங்களாகத் தொடங்காமல், முதலில் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். இறங்கியிருப்பது கர்ப்பப்பையா, யோனியின் முன்சுவர் வழியாகச் சிறுநீர்ப்பையா, பின்சுவர் வழியாக மலக்குடலா என்று அவர் பார்த்துச் சொல்வார். எந்த அளவு இறங்கியிருக்கிறது என்பதையும் கேட்டு எழுதி வாருங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பேசுவோம்.