தனிக்கொட்டடி கருணையில் பிறந்ததா?

கேள்வி:
வணக்கம். கைதியை யாரோடும் பேசவிடாமல் ஆண்டுக்கணக்கில் ஒற்றை அறையில் பூட்டி வைக்கும் முறையைக் கொண்டுவந்தவர்கள் கொடியவர்கள் அல்லர், சீர்திருத்தவாதிகள் என்று படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. சாட்டையடியையும் தூக்கையும் எதிர்த்தவர்கள் இதை எப்படி நல்லது என்று நம்பினார்கள்?

பதில் 1:
முழுமனத்தோடுதான் நம்பினார்கள். 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் சிறை என்பது பெரும்பாலும் தண்டனையே அன்று. விசாரணைக்கோ தூக்குக்கோ காத்திருப்பவர்களையும் கடனாளிகளையும் அடைத்து வைக்கும் இடம். ஒரே கூடத்தில் நெருக்கியடித்துக் கிடந்தவர்களைச் சிறைக்காய்ச்சல் என்ற தொற்றுநோய் கொத்துக்கொத்தாகக் கொண்டுபோனது. 1773இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் ஷெரிஃபாக, அதாவது சிறையையும் மேற்பார்க்கும் மாவட்ட அதிகாரியாகப் பொறுப்பேற்ற சீர்திருத்தவாதி ஜான் ஹோவர்ட், குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டவர்கள்கூடச் சிறைக்காவலருக்குரிய கட்டணத்தைச் செலுத்த வழியில்லாமல் மீண்டும் உள்ளே இழுத்துச் செல்லப்படுவதைக் கண்டார். காவலருக்குச் சம்பளம் கிடையாது. கைதியிடம் வசூலிப்பதே அவருடைய வருமானம். அந்த நரகத்தைப் பார்த்தவர்களுக்கு, ஆளுக்கொரு தூய்மையான அறை என்பதே பெரிய இரக்கமாகத் தோன்றியிருக்கும்.

பதில் 2:
அந்த எண்ணம் முழு உருவம் பெற்றது 1829இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் திறக்கப்பட்ட ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறையில்தான். தனித்திருப்பவன் தன் மனச்சாட்சியின் குரலைக் கேட்டுத் திருந்துவான் என்பது குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினரின் சமய உணர்வில் ஊறிய நம்பிக்கை. கூரையில் வெளிச்சத்துக்கு ஒரு திறப்பு, படிக்க விவிலியம், கைக்கு ஏதாவது ஒரு தொழில், பின்புறம் உயர்ந்த மதில் சூழ்ந்த தனி முற்றம். அறையைவிட்டு வெளியே அழைத்துச் செல்லும்போது முகத்தை முக்காட்டால் மூடிவிடுவார்கள். பக்கத்து அறையில் இருப்பவனின் முகம்கூடத் தெரியாது. 1842இல் அங்கே சென்று பார்த்த ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், உடலை வதைப்பதைவிட மனத்தை இப்படி நாள்தோறும் குலைப்பது கொடியது என்று எழுதினார். அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன்: சாட்டையின் தழும்பு கண்ணுக்குத் தெரியும், இந்தக் காயம் தெரியாததால்தான் நல்லவர்களும் அதை நீடிக்கவிட்டார்கள்.

பதில் 3:
நோக்கம் நல்லது என்பதை ஏற்கிறேன். ஆனால் அடைபட்டவனிடம் யாரும் கேட்கவில்லை. இத்தகைய சிறைகளில் பலர் மனம் பேதலித்தார்கள், சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1890இல் ஒரு தீர்ப்பில் பதிவு செய்தது. ஆயினும், தொடர்ந்து 15 நாட்களுக்கு மேல் தனிமையில் வைக்கலாகாது என்று கைதிகளை நடத்தும் முறை பற்றிய ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகள் சொல்வதற்கு 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவையும் சட்டம்போல் நாடுகளைக் கட்டுப்படுத்துவன அல்ல. அந்த ஃபிலடெல்ஃபியா கைதிகளோ தொடக்கத்திலிருந்தே குழாய்களைத் தட்டித் தட்டிப் பக்கத்து அறையோடு பேச முயன்றார்கள்.