உளவுப் பகுப்பாய்விலிருந்து ஆலோசகர் வேலைக்கு: யாராவது போயிருக்கிறீர்களா?

வைகைக்கரை:
எம்.ஏ. சர்வதேச உறவுகள் முடித்துவிட்டு ஐ.பி. என்கிற மத்திய உளவுத்துறையின் ஏ.சி.ஐ.ஓ. (உதவி உளவு அதிகாரி) தேர்வுக்குப் படிக்கிறேன். பதினைந்து வருடம் அங்கே இருந்துவிட்டு, வெளியுறவு விஷயங்களில் ஆலோசகராக வர ஆசை. உள்ளே கற்றதை வெளியே பேசவே கூடாது என்றால் எதை வைத்துப் பிழைப்பது?

தெற்குவாசல்:
ஐ.பி. பெரும்பாலும் உள்நாட்டு வேலை. வெளிநாட்டு உளவு 1968-லேயே 'ரா' என்கிற தனி அமைப்புக்குப் போய்விட்டது. அப்புறம், 2021-ல் திருத்திய மத்திய அரசு ஊழியர் ஓய்வூதிய விதியைப் படியுங்கள். உளவு அமைப்பில் இருந்தவர் அந்தத் துறையைப் பற்றி எழுத முன் அனுமதி வேண்டும். மீறினால் பென்ஷனே நிற்கலாம்.

பழையமேசை:
தம்பி, ராணுவ உளவுப் பிரிவில் 21 வருடம் இருந்தேன். இப்போது சென்னையில் கப்பல் கம்பெனிகளுக்கு அபாய அறிக்கை எழுதுகிறேன். ரகசியம் எதுவும் தேவைப்பட்டதில்லை. 'ரா'வின் பி.ராமன் 1994-ல் ஓய்வு பெற்றுச் சென்னைக்கு வந்து, 2013-ல் இறக்கும்வரை எழுதினாரே, பெரும்பாலும் எல்லோருக்கும் கிடைக்கும் செய்திகளை வைத்துத்தான். போலீஸுக்கு வருமுன் அவர் பத்திரிகையாளர். யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும், சொல்வதில் அவருக்கு என்ன லாபம்? இந்தக் கேள்விகள் ஊறிப்போயிருந்தால் போதும்.

எனக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். 2023 நவம்பரில் ஏமனின் ஹூதி ஆயுதக் குழு செங்கடலில் 'கேலக்ஸி லீடர்' கப்பலைப் பிடித்த பிறகு ஆறு பக்க அறிக்கை ஒன்று கொடுத்தேன். "செங்கடலில் தாக்குதல் தொடரக் கணிசமான வாய்ப்பு உண்டு" என்று முடித்திருந்தேன். மறுநாள் காலை ஆபரேஷன்ஸ் மேனேஜர் போனில் வந்தார். "சார், கப்பல் கொச்சியைத் தாண்டிவிட்டது. செங்கடல் வாசலான பாப் எல் மந்தெப்பில் நுழையட்டுமா, ஆப்பிரிக்காவின் தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சுற்றட்டுமா?" சுற்றினால் பத்து நாளுக்கு மேல் கூடும், எண்ணெய்ச் செலவு வேறு. நுழைந்தால் போர் அபாயத்துக்கான கூடுதல் காப்பீட்டு பிரீமியம். கப்பலில் 22 பேர். நான் 'கணிசமான' என்று எழுதியபோது மனதில் இருந்தது பத்துக்கு ஏழு. அவர் பத்துக்கு இரண்டு என்று எடுத்துக்கொண்டு நுழையத் தயாராக இருந்தார். சுற்றிப் போகச் சொன்னேன். அன்று இரவு தூக்கமே இல்லை.

பழைய நோய்தான் இது. 1951-ல் சி.ஐ.ஏ.வில் ஷெர்மன் கென்ட் என்ற பகுப்பாய்வாளரின் குழு, சோவியத் அணியால் யூகோஸ்லாவியா தாக்கப்படுவது 'கவனிக்க வேண்டிய சாத்தியம்' என்கிற மாதிரி எழுதியது. எவ்வளவு என்று வெளியுறவுத் துறைக்காரர் ஒருவர் கேட்டார். தாக்குதல் நடக்க 65, நடக்காமலிருக்க 35 என்றார் கென்ட். கேட்டவருக்கு அதிர்ச்சி, அவர் மிகக் குறைவாக நினைத்திருந்தார். குழுவில் விசாரித்தால் ஒருவருக்கு அது 20 சதவீதம், இன்னொருவருக்கு 80. அத்தனை பேரும் அதே வாக்கியத்தை ஒப்புக்கொண்டவர்கள்!

இப்போது என் அறிக்கையின் முதல் பக்கத்தில் மூன்றே வரி: என்ன செய்யலாம், எத்தனை சதவீதம், எதைப் பார்த்தால் மனதை மாற்றிக்கொள்வேன்.

வைகைக்கரை:
நன்றி ஐயா. அந்தச் சதவீதத்தை எப்படிப் பழகுவது?

பழையமேசை:
ஒரு நோட்டு வாங்குங்கள். திங்கட்கிழமைதோறும் மூன்று கணிப்பு, சதவீதத்தோடும் கெடு தேதியோடும். ஆறு மாதம் கழித்து எண்ணுங்கள். 80 என்று எழுதியவற்றில் பாதிதான் நடந்திருந்தால், உங்கள் 80 வெறும் 50. சரி, வருகிற திங்கட்கிழமை உங்கள் முதல் மூன்று கணிப்பையும் இங்கேயே போடுங்கள். என்னுடையதையும் போடுகிறேன்.