புதுப்பிப்பு: மாடியில் வீடியோ கால் திக்கிய விவகாரம்

முன்பு கேட்டிருந்தது இதுதான். கீழ் வீடு, மாடி இரண்டுக்கும் சேர்த்து ஒரே 100 எம்பிபிஎஸ் ஃபைபர். சாயங்காலமானால் மாடியில் மைத்துனருக்கு ஆபீஸ் கால் திக்கும். 300 பிளானுக்கு மாறுவதா, மாடிக்குத் தனி இணைப்பா?

இரண்டும் வேண்டியிருக்கவில்லை. இங்கே சிலர் சொன்னபடி மாடியிலிருந்து ரூட்டருக்கே, அதாவது 192.168.1.1-க்கு, பிங் (ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சோதனை) ஓடவிட்டோம். மகள் போனில் போட்டோ பேக்கப் ஆரம்பித்ததும் நேரம் எகிறியது. ரூட்டர் வரை போவதற்கே இந்தப் பாடு என்றால் கோளாறு வீட்டுக்குள்தான். பிளானை ஏற்றி என்ன பயன்? சிக்னல் மங்கிய இடத்தில் ஒரு போன் மெதுவாக அனுப்பிக்கொண்டிருந்தால், அதே வைஃபையில் இருக்கும் மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

அப்புறம் மாடிக்கு ஒரு கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுத்து, பரணில் கிடந்த பழைய ரூட்டரை மாடிக்கான வைஃபையாக மாட்டினோம். அதில் டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வேலை; அதை முதல் ரூட்டரே பார்த்துக்கொள்ளும்) அணைத்து, முகவரியை 192.168.1.2 ஆக்கி, கேபிளை வெளி இணைப்புக்கான வான் (WAN) போர்ட்டில் செருகாமல் வீட்டுச் சாதனங்களுக்கான லான் (LAN) போர்ட்டில் செருக வேண்டும். கேபிள் போட வந்தவர் முனையில் எட்டுக் கம்பிகளில் நான்கை மட்டும் பிளக்கில் அழுத்திப் பொருத்தியிருந்தார் (கிரிம்ப்). அப்படி விட்டால் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறாது; எட்டையும் போடச் சொன்னேன்.

கால் இப்போது திக்குவதில்லை. பில் பாதிப் பாதி. மாமியாரின் டிவி மட்டும் இன்னும் வைஃபையின் வேகம் குறைந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே இருக்கிறது, சீரியலுக்கு அது தாராளம்.