கலைச்சொல் உதவி: இலவச மென்பொருளோடு ஒட்டி வரும் உளவுநிரல்

தக்கலையிலிருந்து:
வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. இலவச மென்பொருளின் நிறுவிக்குள் (installer) நாம் கேட்காத விளம்பரநிரலையும் உளவுநிரலையும் சேர்த்து அனுப்புகிறார்களே, அந்தச் செயலுக்கு ஒரு சொல் வேண்டும். 'தொகுப்பு' என்று எழுதினால் அதில் தப்பு இருப்பதே தெரியவில்லை.

நாகர்கோவிலிலிருந்து:
ஒற்றுப்பொதி. திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தில் ஒற்றன் துறவி வேடத்தில்தான் போகிறான். காசு கேட்காமல் கணினிக்குள் வந்து உட்காருகிறவனும் அந்த வேடம்தான். அப்புறம், 'இலவசம்' எதற்கு? அரசே மடிக்கணினியை 'விலையில்லா' என்றுதானே கொடுத்தது?

குளச்சலிலிருந்து:
அண்ணாச்சி, ஒற்றுப்பொதி என்றால் வல்லினம் மிகும் இடம் காட்டும் நிரல் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து:
புல்லுருவி போதுமே? மலையாளத்தில் இத்திள்கண்ணி. எங்கள் பக்கம் மாமரம் வைத்திருக்கிற யாருக்கும் விளக்க வேண்டாம்.

நாகர்கோவிலிலிருந்து:
அருமை! புல்லுதல் என்றால் தழுவுதல். தழுவி உறிஞ்சுவது புல்லுருவி என்பது என் துணிபு. புல்லுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. தனியாக எழுதுகிறேன்.

குளச்சலிலிருந்து:
எழுதுங்கள், ஆனால் சொல் பொருந்தவில்லை. புல்லுருவியால் மரத்துக்கு வருமானம் கிடையாது. இங்கே கிடைக்கிறது. 2013-இல் சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற மென்பொருள் பதிவிறக்கத் தளம் டெவ்ஷேர் என்று ஒரு திட்டம் தொடங்கியது: நிறுவியில் வேறு நிரல்களைச் சேர்க்க ஒப்புக்கொண்டால் மென்பொருளை எழுதியவருக்கும் பங்கு. கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளின் குழு அந்த ஆண்டே தளத்திலிருந்து வெளியேறியது. 2015-இல் தளமே கிம்ப்பின் விண்டோஸ் பக்கத்தை எடுத்துக்கொண்டு விளம்பர நிறுவியை வைத்தது. கட்டற்ற உரிமம் மறுவிநியோகத்தைத் தடுப்பதில்லை, அதனால் சட்டம் பேசி என்ன பயன்? 2016-இல் உரிமையாளர் மாறிய பிறகுதான் டெவ்ஷேர் நின்றது. சேர்த்து அனுப்புவது மட்டும் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். 'சம்மதம்' பெட்டியில் அவர்களே டிக் போட்டு வைத்துவிட்டு, நாம் சம்மதித்ததாகச் சொல்வதுதான் குற்றம். சொல் அதைக் காட்ட வேண்டும். என் முன்மொழிவு: உடன்திணிப்பு. திணிப்பு என்றால் தமிழ்நாட்டில் யாருக்குப் புரியாது?

மார்த்தாண்டத்திலிருந்து:
சரி, எனக்குச் சம்மதம். டிக் நானே போட்டது.

நாகர்கோவிலிலிருந்து:
புணர்ச்சி விதிப்படி அது உடன்றிணிப்பு. தொல்காப்பியம் கேட்ட ஆசானின் ஊரான அதங்கோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மார்த்தாண்டத்துக்காரர் இதற்குச் சம்மதிக்கலாமா?

தக்கலையிலிருந்து:
ஐயா, உடன்றிணிப்பு என்று போட்டால் அதற்கே ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். உடன்திணிப்பு என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். ஒற்றுப்பொதியை அடைப்புக்குறிக்குள் போடுகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து:
எனக்கு உடன்பாடு இல்லை, பதிவு செய்துகொள்ளுங்கள். ஆமாம், 'நிறுவி' என்பதை யார் எப்போது ஏற்றுக்கொண்டோம்?