சாரம் ஆடுகிறது, தீபாவளிக்குள் பெயிண்ட் முடிக்கணும். உதவி!

செத்தாபாக்வாசி:
வணக்கம். சாரம் வாடகைக்கு எடுத்து வீட்டின் முன்சுவருக்கு நானே பெயிண்ட் அடிக்கிறேன். மேலே ஏறினால் ஆடுகிறது. ரோலரைத் தூக்கினாலே அசைகிறது. வாடகைக்குக் கொடுத்த தவுக்கேயைக் (கடை முதலாளி) கேட்டால், "நல்ல சாமான்தான், பயப்படாதே" என்கிறார். சாரத்துக்கு மேலே இன்னும் ஓர் அடுக்கு வேறு போட வேண்டும். என்ன செய்வது? அவசரம்.

சுத்தியல்:
எத்தனை அடுக்கு? கீழே சக்கரமா, ஜேக் பேஸா (திருகி உயரம் மாற்றும் கால்)? தரை மண்ணா சிமெண்டா? ஒன்றுமே சொல்லாமல் ஆடுகிறது என்றால் எப்படி?

மாடிவீட்டு மலர்:
ஒற்றை மாடியா இரட்டை மாடியா என்றும் சொல்லுங்கள் தம்பி.

செந்தூல் அண்ணன்:
சக்கரம்தான். நூற்றுக்குத் தொண்ணூறு சக்கரம்தான். பிரேக் போட்டாலும் உள்ளே ஆட்டம் இருக்கும். கழற்றி வீசிவிட்டு ஜேக் பேஸ் மாட்டு.

பழைய இரும்பு:
தீபாவளி நெருங்கினால் இதே கேள்வி வந்துவிடும். தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. உயரம், அடிப்பகுதியின் அகலத்தைப் போல 3 மடங்கைத் தாண்டக்கூடாது. வெளியே என்றால் 3, வீட்டுக்குள் என்றால் 3.5. பிரேம் அகலம் 1.2 மீட்டர், உயரம் 1.7. இரண்டு அடுக்கு 3.4 மீட்டர், சரி. மூன்று என்றால் 5.1, அதாவது 4 மடங்குக்கு மேல். பெருக்கத் தெரிந்தவர்கள் சாரத்தில் ஏறலாம்.

சுத்தியல்:
அந்த 3, 3.5 பழைய பிரிட்டிஷ் கணக்கு. இப்போது அங்கேயே தயாரிப்பாளரின் கையேட்டைப் பார் என்கிறார்கள். அமெரிக்க விதியில் 4 மடங்கைத் தாண்டினால்தான் கட்டாயம் கட்டி நிறுத்தணும். எப்படிப் பார்த்தாலும் மூன்றாவது அடுக்கைச் சும்மா நிறுத்தக்கூடாது, அது சரி. ஆனால் அவர் கேட்டது இப்போது நிற்கும் சாரத்தைப் பற்றி.

செத்தாபாக்வாசி:
இரட்டை மாடி, டெரஸ் (வரிசை) வீடு. சாரம் இரண்டு அடுக்கு, கார் போர்ச்சில் நிற்கிறது. ஜேக் பேஸ், சக்கரம் இல்லை. போர்ச் லோங்காங் (சாக்கடை) பக்கம் கொஞ்சம் சரிவு, அந்தப் பக்கம் ஜேக்கை ஏற்றியிருக்கிறேன்.

செந்தூல் அண்ணன்:
அப்படியென்றால் ஜேக்தான். அதிகமாக ஏற்றியிருப்பாய்.

மாடிவீட்டு மலர்:
கயிறு எடுத்து மாடி ஜன்னல் கிரிலில் கட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தார்கள்.

சுத்தியல்:
மலர் அக்கா, கயிறு சாரம் வெளிப்பக்கம் சாய்வதைத்தான் பிடிக்கும். சுவர்ப்பக்கம் வந்தால் தொய்ந்துவிடும். கிரில் சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்றும் தெரியாது. கட்டுவதானால் இரண்டு பக்கமும் அசையாதபடி இரும்புக் குழாயை கிளாம்ப் வைத்துக் கட்டணும். மழைநீர்க் குழாயைத் தொடவே கூடாது.

செத்தாபாக்வாசி, ஒன்று சொல்லுங்கள். ஆட்டம் எந்தத் திசையில்? சுவரை நோக்கி முன்னும் பின்னுமா, சுவர் ஓரமாக இடமும் வலமுமா? பிரேம்களுக்கு நடுவே குறுக்காகப் போகும் எக்ஸ் கம்பிகள் இரண்டு பக்கமும் இருக்கின்றனவா?

ஒயர்மேன்:
அதற்கு முன்னால் என் கேள்வி. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் டிஎன்பி (மின்சார நிறுவனம்) ஒயர் எங்கே போகிறது? டெரஸ் வீட்டில் பெரும்பாலும் முன்பக்கக் கூரை ஓரத்துக்குத்தான் வரும். சாரத்தில் நின்றால் கைக்கு எட்டும். ரப்பர் சுற்றியிருக்கிறது என்று நம்பாதீர்கள், வெயிலில் வெடித்திருக்கும்.

பெயிண்ட் பைத்தியம்:
சாரத்தை விடுங்கள், சீலர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் பூச்சு) அடித்தீர்களா? சாயங்காலம் தினமும் மழை. ஈரச் சுவரில் அடித்தால் பொங்கலுக்குள் உரியும்.

செந்தூல் அண்ணன்:
பழைய சுவருக்கு எதற்குச் சீலர்? பெயிண்ட் கடைக்காரன் காசு பார்க்கச் சொல்வது.

பெயிண்ட் பைத்தியம்:
அண்ணே, உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை மாவு ஒட்டினால் சீலர் வேண்டும், ஒட்டாவிட்டால் வேண்டாம். இதில் கடைக்காரன் எங்கே வந்தான்?

செந்தூல் அண்ணன்:
முப்பது வருடமாக என் வீட்டுக்குச் சீலர் அடித்ததில்லை.

பெயிண்ட் பைத்தியம்:
போன வருடம் படம் போட்டீர்களே, கேட் பக்கம் சுவர் உரிந்து. அந்த வீடுதானே?

பழைய இரும்பு:
தலைப்பு சாரம். சீலருக்கு வேறு இழை தொடங்கவும்.

செத்தாபாக்வாசி:
இடம் வலமாகத்தான் ஆடுகிறது. எக்ஸ் கம்பி தெருப் பக்கம் இருக்கிறது. சுவர்ப் பக்கம் ரோலருக்கு இடிக்கிறது என்று கழற்றி வைத்தேன். அதனாலா??

சுத்தியல்:
அதனால்தான். சுவர் ஓரமாக இடம் வலம் போகாமல் பிடிப்பதே அந்த எக்ஸ் கம்பிதான். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் மறுபக்கத்துக் கால்கள் தீப்பெட்டிக் கூடு மாதிரி சாயும், மொத்தச் சாரமும் முறுக்கிக்கொள்ளும். கீழே இறங்கி நின்று, இரண்டு அடுக்கிலும் இரண்டு பக்கமும் மாட்டுங்கள். ஜாயிண்ட் பின் பூட்டியிருக்கிறதா, நாலு ஜேக்குக்கும் கீழே தடித்த பலகை இருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் டைல்ஸில் நிறுத்தினால் வழுக்கும், டைல்ஸும் உடையும்.

ரோலருக்கு இடிக்காமல் இருக்க வழி, மேலிருந்து கீழே வருவது. நிற்பதற்கான கேட்வாக் பலகை பிரேமின் தலையில் உட்காரும், எக்ஸ் கம்பி உங்கள் காலுக்குக் கீழே போய்விடும். எதிரே சுவர் திறந்து கிடக்கும். மேல்பகுதி முடிந்ததும் அந்த அடுக்கை அவிழ்த்துவிட்டு, கீழ் பிரேமின் தலையில் நின்று அடியுங்கள். நீங்கள் அடுக்குக்கு உள்ளே நின்று அடித்திருக்கிறீர்கள், அதனால்தான் இடித்தது. 3.4 மீட்டரில் நின்று கையைத் தூக்கினால் 5 மீட்டருக்கு மேல் எட்டும், ரோலருக்கு நீட்டுக் கம்பு போட்டால் இன்னும் ஒரு மீட்டர். மூன்றாவது அடுக்கே தேவைப்படாது. ஆனால் மேலே கைப்பிடிக் கம்பி கட்டாமல் ஏறாதீர்கள்.

பழைய இரும்பு:
நான் சொன்ன கணக்கும் அதேதான்.

சுத்தியல்:
சரி.

செத்தாபாக்வாசி:
மாட்டியாச்சு. ஆட்டம் நின்றது. ஒயர் இடது ஓரம், அந்தப் பக்கம் சாரத்தைக் கொண்டு போகவில்லை. நன்றி எல்லோருக்கும். மழை வருகிறது, அப்புறம் வருகிறேன்.

ஒயர்மேன்:
அப்போ இடது ஓரத்தை எப்படி அடிப்பீர்கள்? டிஎன்பியிடம் கேட்காமல் ஏணி சாய்த்து ஏறாதீர்கள்.

ஒயர்மேன்:
தம்பி?

கெப்போங் கிளி:
எனக்கும் ஒரு வாரத்துக்கு இரண்டு செட் வேண்டும். எங்கே எடுத்தீர்கள், வாடகை எத்தனை வெள்ளி?