டெஸ்டோஸ்டிரோன் குறைவா, மனச்சோர்வா? அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். வயது 43. எதிலும் மனம் ஒட்டாமல், சின்னச் சின்ன விஷயத்துக்கும் வீட்டில் எரிந்து விழுந்துகொண்டு இரண்டு வருடம் ஓட்டினேன். மனநல மருத்துவர் மனச்சோர்வு என்று சொல்லி செர்ட்ராலின் என்ற மாத்திரை கொடுத்தார். நாலு மாதத்தில் அழுகை நின்றது, தூக்கம் வந்தது, ஆனால் உடம்பு அசதி மட்டும் போகவே இல்லை, தாம்பத்திய ஆசையும் அடியோடு இல்லை. அந்த வகை மாத்திரைகள் ஆசையைக் குறைக்கும் என்பது தெரிந்ததுதானே, அதனால் பழியை மாத்திரை மேலேயே போட்டுவிட்டேன். நிதானமாக யோசித்தபோதுதான் புரிந்தது, காலையில் தானாக வரும் விறைப்பு, மாத்திரை தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்பே நின்றுபோயிருந்தது. இதைச் சொல்லக் கூச்சப்பட்டு எத்தனை மாதத்தை வீணாக்கினேன்!

சொன்ன அன்றே ரத்தப் பரிசோதனை எழுதினார். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 190 வந்தது. வேறொரு நாள் காலை 8 மணிக்கு மறுபடி எடுத்தபோது 205. டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு என்று பல மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். தைராய்டு, ப்ரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோன் எல்லாம் பார்த்த பிறகே தோலில் தடவும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் ஆசை எட்டிப் பார்த்தது, மனசு தெளிய இன்னும் கொஞ்சம் நாளானது. மனச்சோர்வு மாத்திரையை இன்னும் நிறுத்தவில்லை.

*

எனக்கு நேர் எதிர், அண்ணா. சாயங்காலம் 5 மணிக்கு ரத்தம் கொடுத்து 270 வந்ததும், எல்லாவற்றுக்கும் காரணம் ஹார்மோன்தான் என்று பிடித்துக்கொண்டேன். இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலையில் இறங்கும், அதனால் 10 மணிக்கு முன்பே எடுக்க வேண்டும் என்று அப்புறம்தான் ஒரு மருத்துவர் சொன்னார். காலையில் எடுத்தால் 410. எனக்கு இருந்தது மனச்சோர்வு, கூடவே அதிக எடை, குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் தொல்லை. எடை கூடினாலே டெஸ்டோஸ்டிரோன் இறங்குமாம், மனச்சோர்வும் அதைக் குறைக்கலாமாம், எது முன்னால் எது பின்னால் என்று பிரிப்பதே கஷ்டம் என்றார். பேச்சுச் சிகிச்சையும் மாத்திரையும்தான் என்னை எழுப்பி உட்கார வைத்தன. சாகலாம் என்ற நினைப்பு வருகிறவர்கள் ஹார்மோன் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள், இன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள்.

*

குழந்தைக்கு முயல்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். எனக்கு 31 வயது. மனசு சரியில்லை என்று உடற்பயிற்சிக் கூடத்து நண்பர் பேச்சைக் கேட்டு, எந்தப் பரிசோதனையும் செய்யாமல் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டேன். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் விந்தகத்துக்கு மூளை அனுப்பும் உத்தரவு நின்றுவிடும், விந்தணு உற்பத்தியும் படுத்துவிடும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் விந்தணு எண்ணிக்கை பூஜ்ஜியம். ஊசியை நிறுத்தியதும் மனம் முன்பைவிட மோசமாக விழுந்தது. எண்ணிக்கை திரும்பி வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடமும் என் மனைவி பட்ட வேதனை எனக்குத்தான் தெரியும்.

*

தம்பி, முதலில் எழுதியவன்தான் நான். நீங்கள் இதை எழுதியதற்கு நன்றி. ஜெல் கொடுக்கும் முன் என்னிடமும் இனிமேல் குழந்தை வேண்டுமா என்று கேட்டார்கள், ஏன் கேட்கிறார்கள் என்று அப்போது புரியவில்லை. இப்போது சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கெட்டியாகிறதா என்று ஹிமாட்டோக்ரிட்டும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), புராஸ்டேட் சுரப்பிக்கு பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனையும் பார்க்கிறேன். அடுத்த பரிசோதனை வந்ததும் எழுதுகிறேன்.