கட்லா மேல, மிர்கால் கீழ: எப்பவுமேவா?

*குழு: ஏரி மீன் பேச்சு*

பாபு: சேகர் மாமா, ஏரியில கட்லா மேல, ரோகு நடுவுல, மிர்கால் அடியில மேயும்னு சொல்றாங்க. ஒரே இழுப்புல மூணும் வருதே?

சேகர் மாமா: இழுவலை மேலேர்ந்து அடி வரைக்கும் வழிச்சுட்டு வரும்டா. அதை வச்சு எதுவும் சொல்ல முடியாது. வாயைப் பாரு.

சேகர் மாமா: கட்லாவுக்குக் கீழ்த்தாடை தூக்கி, வாய் வானம் பார்த்து இருக்கும். அதுக்கு இரை மிதவை உயிரி, அதாவது தண்ணில மிதக்குற பொடி உயிருங்க, முக்கியமா விலங்கு வகை. ரோகு உதட்டுல குஞ்சம் கட்டின மாதிரி ஓரம் இருக்கும். தண்டுலயும் கல்லுலயும் படிஞ்ச பாசியைச் சுரண்டத்தான் அது. மிர்கால் வாய் கீழ்ப்பக்கமா இருக்கும். சேத்துல கிடக்குற மக்கல், அதாவது மக்கிப்போன கழிவு, அதுக்கு இரை.

மாலதி அத்தை: வாய் மாறாது, இடம் மாறும். தண்ணி நிறைஞ்சிருந்தா பிரிஞ்சு மேயும். கோடையில வத்திட்டா மூணும் ஒரே தட்டுலதான். அடியில ஆக்சிஜன் போனாலும் மிர்கால் மேல ஏறிடும். அப்ப அது ரோகுவுக்குப் போட்டி.

பாபு: அப்ப வெள்ளிக்கெண்டை?

சேகர் மாமா: அதோட செவுள் சல்லடை கட்லாவோடதைவிட ரொம்பப் பொடி. பச்சை மிதவையை, அதாவது மிதக்குற பொடிப் பாசியை, வடிகட்டும். ஆனா கூட்டம் அதிகமானா விலங்கு மிதவையையும் சேத்து இழுத்துடும். கட்லா இளைக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பாபு: எது எதைத் தின்னுதுன்னு குடலை அறுத்துப் பாத்தா தெரிஞ்சிடுமா?

கனி அக்கா: தெரியும். ஆனா ராத்திரி முழுக்கச் செவுள் வலையில கிடந்த மீன் வேணாம். மாட்டின பிறகும் உள்ள செரிச்சுக்கிட்டே இருக்கும், சிலது கக்கியும் விடும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வலையைத் தூக்கணும்.

கனி அக்கா: கெண்டை இனத்துக்கு இரைப்பையே கிடையாது. அதனால குடலோட முன்பகுதியை மட்டும் எடு. பின்னாடி எல்லாம் ஒரே பச்சைக் கூழாத்தான் இருக்கும்.

சேகர் மாமா: குடல் நீளத்தையும் அள. மீன் தின்னுற விராலுக்கு உடம்பைவிடக் குட்டை, பாசி மேயுற ரோகுவுக்குப் பல மடங்கு, சுருள் சுருளா. இழுக்காம நேராக்கணும். இழுத்தா நீண்டுடும், கணக்கு பொய்.

கனி அக்கா: இன்னொண்ணு. விலங்கு மிதவையில ரோட்டிஃபர்ங்கிற பொடி உயிர் மாதிரி மெத்துன்னு இருக்குறது சீக்கிரம் கரைஞ்சிடும், ஓடு உள்ளது நிக்கும். எண்ணிப் பாத்துட்டு ‘ஓடுள்ளதைத்தான் தின்னுது’ன்னு எழுதிடாதே. மிர்கால் குடல்ல மணல் இருந்தா அதையும் இரைன்னு எண்ணாதே, மக்கலோட கூட வந்தது அது.

மாலதி அத்தை: பகல்ல விலங்கு மிதவை கீழ இறங்கும், இருட்டினா மேல வரும். பிடிச்ச நேரத்தைக் குறிக்கலன்னா குடல் பாத்தும் புண்ணியமில்ல.

பாபு: சரி அத்தை. குடலை எதுல போட்டு வைக்கிறது?

கனி அக்கா: 1 பங்கு ஃபார்மலின், 9 பங்கு தண்ணி. கையுறை போட்டுக்கோ, காத்தாட நின்னு ஊத்து. பெரிய துண்டா இருந்தா ஒரு கீறல் போட்டு விடு, இல்லன்னா உள்ள இறங்காது, நடுவுல அழுகும். நேரம், ஆழம், மீன் நீளம் எல்லாத்தையும் தடிச்ச தாள்ல பென்சில்ல எழுதி ஜாடிக்குள்ளயே போடு. பேனா மை கலைஞ்சிடும், வெளிய ஒட்டினா நனைஞ்சு உரிஞ்சிடும்.